மேசையில் இடமில்லாத குழாய்

நவம்பர் முதல் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வெர்ன் கிஸ்லர் தம் பிக்கப் வண்டியின் பின்பலகையை இறக்கி, போர்வைகளில் சுற்றிவைத்திருந்த சாமான்களை வரிசையாக எடுத்து அடுக்கினார். முதலில் கைத்துப்பாக்கி, அடுத்து ரைபிள், கடைசியில் அந்தக் குழாய். நாற்பது வருடமாக இந்த வரிசை மாறவில்லை. புதிதாகச் சேர்ந்தது ஒன்றே ஒன்று. அவருடைய கோட்டுப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள், பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த ஒரு துணித் துண்டு இருந்தது.

ஹெம்லாக் ஓடைத் துப்பாக்கிச் சங்கத்துக்கு ஒரு பழைய கல்குவாரியும் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையும்தான் சொத்து. மான் வேட்டை திறக்க மூன்று வாரம் இருக்கையில் எல்லோரும் வந்து, அவரவர் ரைபிளின் குறி சரியாக நிற்கிறதா என்று சுட்டுப் பார்ப்பார்கள். அதற்கு ஒரு மணி நேரம் போதும். மீதி நாள் முழுக்க மேசைக்குத்தான். மரக்கால்கள் மேல் இரண்டு ஒட்டுப்பலகை, அதன் மேல் பட்டாளத்துக் கம்பளி. காலையில் கைத்துப்பாக்கிகள். சூப்புக்குப் பிறகு ரைபிள்கள். ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டும் நேரத்தில், தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் குழாய்கள். எதில் என்ன நயம், எது எங்கே கைவிட்டது என்று பேசிப் பேசியே பொழுதைச் சாய்ப்பார்கள். அந்தக் குழாய்கள் எல்லாம் உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கூடுகள். குழந்தைகூட எடுத்து விளையாடலாம்.

மேசையில் வைக்கும் ஒவ்வொரு பொருளிலும் நூலில் கட்டிய அட்டைச் சீட்டு ஒன்று தொங்க வேண்டும். சீட்டில் மூன்று வரிகள்: இது என்ன, எங்கிருந்து வந்தது, யார் சுமந்தது. சீட்டில் உள்ளது பொய் என்று தெரிந்தால் பொருள் அன்றைக்கு மேசையை விட்டு இறங்கிவிட வேண்டும். வேறு தண்டனை கிடையாது. 1974இல், முதல் மேசையன்று, இந்த விதியைத் தாளில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டியவர் வெர்ன்தான். கூட்டத்தில் அவர் கையெழுத்துதான் அழகாக இருந்தது. அந்தத் தாள் இன்றும் அங்கே இருக்கிறது, தேநீர் நிறத்துக்குப் பழுத்துப்போய்.

அவருடைய குழாயில் தொங்கும் சீட்டு இப்படிச் சொல்லும்: "எம்72 ராக்கெட் குழாய். வியட்நாம், 1968. சுமந்ததும் சுட்டதும் வெர்ன் கிஸ்லர்."

முதல் வரி உண்மை. மற்ற இரண்டும் உண்மையல்ல. 1983இல், பட்டாளத்துப் பழைய சாமான்கள் விற்கும் ஒரு கடையில், கூடாரத் துணிக்கும் தண்ணீர்க் குடுவைக்கும் நடுவே கிடந்ததைப் பார்த்து வாங்கி வந்த குழாய் அது. எப்படி ஊருக்குக் கொண்டுவந்தாய் என்று அப்போது கேட்டவர்களுக்கு, சாமான் பையின் அடியில் துணிகளுக்குள் சுருட்டி வைத்துக் கொண்டுவந்ததாகச் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள்.

குழாயின் பக்கவாட்டில் அரிசி அளவு மஞ்சள் எழுத்தில் தயாரிப்பு எண் ஒன்று உண்டு. அதன் கடைசியில் மாதமும் வருடமும் இருக்கும்: மே, 72. வெர்ன் போரிலிருந்து வீடு திரும்பியதோ 69 மார்ச்சில். நாற்பது வருடத்தில் அந்த எழுத்தைக் குனிந்து பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பு சங்கத்தில் சேர்ந்த ரோண்டா பியட்கா குனிவாள். ஈராக்கில் வெடிமருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவள். மற்றவர்கள் கண் செய்தித்தாளின் தலைப்புக்குப் போவதுபோல அவள் கண் எதிலும் முதலில் எண்ணுக்குத்தான் போகும். இது ஐம்பதாவது மேசை என்பதால் எல்லாப் பொருளையும் படமெடுத்து, எண்களைக் குறித்து, ஒரு புத்தகம் கட்டப்போவதாக எல்லோருக்கும் கடிதம் போட்டிருந்தாள். கடைசி வரியில், "குழாய்களையும் விடமாட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

அதனால்தான் அந்தத் துணி. ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும். பழைய சாமான், எழுத்து அழிந்துபோயிற்று என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

"டேய் வெர்ன், வந்துட்டியா? உன்னோட இரங்கல் செய்திய வாரா வாரம் பேப்பர்ல தேடிக்கிட்டிருக்கேன்." டட்ச் ஷேஃபர் கொட்டகைக்குள்ளிருந்து கத்தினார். எழுபத்து நாலு வயது, பீப்பாய் உடம்பு, சூப்பு காய்ச்சுவது எப்போதும் அவர் பொறுப்பு.

"உன் சூப்பக் குடிச்சே சாகலை, வேற எதுல சாகப்போறேன்?"

ரோண்டா மேசையின் ஒரு முனையில் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தாள். "வாங்க வெர்ன். உங்க சாமான் எல்லாத்தையும் இன்னிக்கு நான் சல்லடை போட்டுச் சலிக்கப்போறேன்."

"சலி, சலி," என்றார் வெர்ன். கோட்டுப் பையை வெளியிலிருந்து ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கைத்துப்பாக்கிகள் மேசை ஏறின. எல்லாம் திறந்த நிலையில், உள்ளே குண்டு இல்லை என்று காட்ட ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குச்சி செருகி. டட்ச் தம் நாற்பத்தைந்து காலிபர் துப்பாக்கியைக் கம்பளியில் வைத்த கையோடு, ரோண்டாவின் பெரெட்டாவைக் கண்ணால் அளந்தார்.

"இதுல பதினஞ்சு குண்டு எதுக்கும்மா? ஏழுல ஆகாதது பதினஞ்சுல ஆகிடுமா?"

"உங்க ஏழும் எங்க போச்சுன்னு உங்களுக்கே தெரியாதே டட்ச். போன வருஷம் இலக்கு அட்டைய விட்டுட்டு அத மாட்டியிருந்த கம்பத்தச் சுட்டீங்க."

"அந்தக் கம்பம் எனக்கு ரொம்ப நாளாப் பிடிக்கல."

வெர்ன் சிரித்தார். இந்தப் பேச்சை ஐம்பது வருடமாகக் கேட்கிறார். ஆள் மாறியது, துப்பாக்கி மாறியது, பேச்சு மாறவில்லை. ஒரு காலத்தில் இந்த மேசையைச் சுற்றிப் பதினான்கு நாற்காலிகள் இருந்தன. ரிவால்வர்தான் நம்பிக்கையானது என்று சொல்ல நான்கு பேர், அதை மறுக்க நான்கு பேர், இரண்டு பக்கமும் தலையாட்ட ஆறு பேர். குவாரிச் சுவரில் எதிரொலித்துக்கொண்டே இருக்கும் சிரிப்பு. இப்போது மூன்று பேர், மூன்று நாற்காலி.

நான்காவது நாற்காலியும் இருந்தது. அதில் சூப்புப் பானை உட்கார்ந்திருந்தது.

பத்து மணிக்கு ஒரு சாம்பல் நிறக் கார் மெதுவாகக் குவாரிப் பாதையில் இறங்கியது. அதிலிருந்து கைத்தடி ஊன்றிய ஒரு மெலிந்த ஆள் இறங்கினார். கக்கத்தில் ஒரு செருப்புப் பெட்டி. டட்ச் கரண்டியைப் பானைக்குள் விட்டுவிட்டு நின்றார்.

"வில்லிஸா அது?"

வில்லிஸேதான். அவர் இந்தப் பாதையில் கடைசியாகப் போனது 1989இல். அன்றைக்கு நடந்தது வெர்னுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. வில்லிஸ் மேசையில் வைத்த ஜெர்மன் கைத்துப்பாக்கியின் சீட்டு, "வால்தர் பி38. ஜெர்மனி, 1945. சுமந்தவர் என் அப்பா ஹாரிஸ்" என்று சொன்னது. வெர்ன் பூதக்கண்ணாடியோடு குனிந்து பார்த்தபோது குழலின் அடியில் மெல்லிய எழுத்தில் ஓர் இறக்குமதிக் கடையின் பெயர் தெரிந்தது. சிப்பாய்கள் பையில் போட்டுக் கொண்டுவந்த துப்பாக்கியில் அந்த எழுத்து இருக்காது. பல வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வந்து, கடையில் விற்ற துப்பாக்கியில்தான் சட்டப்படி அந்த முத்திரை இருக்கும். வெர்ன் அதைப் பள்ளிக்கூட வாத்தியார்போல எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார். பிறகு பேனாக்கத்தியை எடுத்துச் சீட்டின் நூலை அறுத்தார். வில்லிஸ் துப்பாக்கியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவர்தான்.

அந்த நேரம் முழுக்க வெர்னின் குழாய் மேசையின் மறுமுனையில், தன் சீட்டோடு, படுத்துக் கிடந்தது.

"நல்லாருக்கீங்களா வெர்ன்?" என்றார் வில்லிஸ்.

டேய் என்று கூப்பிட்டவன் இப்போது நீங்க என்கிறான். வெர்னுக்கு அது சட்டைக்குள் பனி விழுந்ததுபோல இருந்தது. "இருக்கேன். நீ... உட்காரு."

டட்ச் பானையைத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்தார். "உட்காருடா. முப்பத்துநாலு வருஷமா உன் இடத்துல இந்தப் பானைதான் மெம்பர். உன்ன விட நல்லாப் பேசும்."

வில்லிஸ் உட்காரவில்லை. செருப்புப் பெட்டியைத் திறந்தார். அதே வால்தர். புதுச் சீட்டு. "அடுத்த வாரம் அரிசோனா போறேன், மக வீட்டுக்கு. இனிமே திரும்பி வர்றது இல்லை. அதுக்கு முன்னாடி இத ஒரு தடவை மேசைல வச்சுப் பார்க்கணும்னு. சீட்ட மாத்தி எழுதியிருக்கேன். வைக்கலாமா கூடாதான்னு நீங்கதான் சொல்லணும்."

வெர்ன் சீட்டை வாங்கிப் படித்தார். "வால்தர் பி38. 1985இல் கடையில் வாங்கியது. என் அப்பா 1945இல் இதுபோல் ஒன்றைச் சுமந்துவந்தார்; 1958இல் விற்றுவிட்டார்."

"அந்தக் குளிர்காலம் தோல் ஆலைய மூடிட்டாங்க. வீட்டுல நிலக்கரி இல்லை," என்றார் வில்லிஸ். "அப்பா அதத் தொடச்சு, எண்ணெய் போட்டு, வாங்க வந்தவன்கிட்ட கொடுத்தாரு. எனக்கு எட்டு வயசு. அதோட பிடி எப்படி இருக்கும், எந்தப் பக்கம் சின்னதா ஒரு கீறல் இருக்கும்னு எல்லாம் தெரியும். கடைல இதப் பார்த்ததும் கை தானா அதும்மேல போயிருச்சு. அப்புறம் சீட்டு எழுதும்போது... பேனாவும் அப்படியே போயிருச்சு."

ரோண்டா கேமராவை விட்டு நிமிர்ந்து நின்றாள்.

"வை," என்றார் வெர்ன். "நடுவுல வை."

சூப்பு குடித்தார்கள். பன்றித் தொடையும் வெள்ளை பீன்ஸும், எப்போதும்போல் உப்புக் கூடுதலாக. ரைபிள்கள் வந்தன. டட்ச் தம் பழைய கேரண்ட் ரைபிளில் எட்டுக் குண்டு போட்டு, குவாரியின் அந்தக் கோடியில் தொங்கிய தகட்டைச் சுட்டார். எட்டாவது குண்டு போனதும் குண்டுகளைப் பிடித்திருந்த இரும்புப் பட்டை 'டிங்' என்று துள்ளி வெளியே விழுந்தது. மூன்று கிழவர்களும் ஒரே நேரத்தில் அந்தச் சத்தத்துக்குத் தலையைச் சாய்த்தார்கள். அவர்கள் காதில் அது இருபது வயதின் சத்தம்.

"இந்தச் சத்தம் உன் பிளாஸ்டிக் பொம்மைல வருமா?" என்று டட்ச் ரோண்டாவின் கறுப்பு ரைபிளைக் காட்டிக் கேட்டார்.

"வராது. அதுக்குப் பதிலாக் குறியில படும்."

"கேட்டியா வில்லிஸ்? இவகிட்ட நாங்க ரெண்டு வருஷமா இப்படித்தான் அடிவாங்குறோம்."

"நல்லாத்தான் அடிக்கிறா," என்றார் வில்லிஸ்.

எல்லோரும் சுடும் இடத்தில் நிற்கையில் வெர்ன் கொட்டகைக்குள் போனார். குழாய் போர்வைக்குள் இருந்தது. அவிழ்த்து முழங்காலில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து துணியை எடுத்தார். தின்னர் மணம் கொட்டகையை நிறைத்தது. மஞ்சள் எழுத்துகள் கண்ணுக்கு நேரே இருந்தன. துணியின் ஒரு முனையை விரலில் சுற்றி, எண்ணின் முதல் எழுத்தின் மேல் வைத்தார். கொஞ்சம் மஞ்சள் துணியில் ஒட்டியது.

கைத்தடிச் சத்தம் கேட்டது. வெர்ன் துணியைக் கைக்குள் மடக்கினார்.

"ஆப்பிள் பைக்குத் தட்டு எடுக்க வந்தேன்," என்றார் வில்லிஸ். மூச்சை உள்ளே இழுத்தார். "இந்த வாசனை. எங்க சமையலறையே இப்படித்தான் இருக்கும், அப்பா துப்பாக்கி துடைக்கிற அன்னிக்கு." தட்டுகளை எடுத்துக்கொண்டவர் போகாமல் நின்றார். "ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன். அன்னிக்கு நீங்க செஞ்சது சரிதான். பத்து வருஷம் உங்க மேல கோபமா இருந்தேன். பொண்டாட்டிகிட்டகூட உங்க பேரச் சொல்ல மாட்டேன். அப்புறம் யோசிச்சேன். பொய் உட்கார முடியாத ஒரு மேசையாவது இந்த ஊர்ல இருக்கே, அதுல நம்மளும் உட்கார்ந்திருந்தோமேன்னு. அதுதான் திரும்பி வந்தேன்."

அவர் போன பிறகும் வெர்ன் அப்படியே உட்கார்ந்திருந்தார். கைக்குள் இருந்த ஈரம் விரலைச் சுட்டது. துணியை உறைக்குள் போட்டு, உறையைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

வெளியே ஆப்பிள் பையை வெட்டியாகிவிட்டது. டட்ச் தம் குழாயை மேசைமேல் ஏற்றியிருந்தார்: கொரியப் போர்க்காலத்து பாஸூக்கா, இரண்டு துண்டாகக் கழற்றிச் சேர்ப்பது, இனிச் சுட முடியாதபடி பக்கவாட்டில் ஓட்டை போட்டது.

"குழாய்னா இது. தோள்ல ஒருத்தன், பின்னாடி ராக்கெட் போட ஒருத்தன். ரெண்டு பேர் வேலை. வெர்னோடது காப்பி குடிச்சுட்டுத் தூக்கிப் போடுற காகிதக் கோப்பை. ஒரு தடவை சுட்டா முடிஞ்சுது."

"அந்தக் காகிதக் கோப்பைய ஒருத்தன் மூணு சுமப்பான். உங்களோடதச் சுமக்கவே மூணு பேர் வேணும்," என்றாள் ரோண்டா. "ரெண்டும் வேணாம். தோள்ல இருக்கணும், திரும்பத் திரும்பச் சுடவும் செய்யணும்னா ஸ்வீடன்காரன் செஞ்சதுதான். வெர்ன், உங்களோடதக் கொண்டாங்க, எண் எழுதிக்கிறேன்."

வெர்ன் குழாயைக் கொண்டுவந்தார். ஆனால் ரோண்டாவிடம் கொடுக்கவில்லை. மேல்பையிலிருந்து அந்தப் பழைய பூதக்கண்ணாடியை எடுத்து வில்லிஸின் கையில் வைத்தார். குழாயையும் அவர் மடியில் வைத்தார்.

"நீ படி. சத்தமாப் படி."

வில்லிஸ் புரியாமல் பார்த்தார். பிறகு குனிந்தார். "முதல் எழுத்து பாதி அழிஞ்சிருக்கு."

"அதுவும் நான்தான். இப்பத்தான். மேல படி."

வில்லிஸ் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசியில் வந்ததும் நின்றார். திரும்ப ஒருமுறை கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "மே. எழுபத்திரண்டு."

"நீ அறுபத்தொம்பதுல வந்துட்டியேடா," என்றார் டட்ச். அவர் குரலில் கிண்டல் இல்லை.

"கடைல வாங்கினது," என்றார் வெர்ன். "சுட்டதும் நான் இல்லை."

யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். வியட்நாமில் ஒரு வாய்க்கால் கரை, எதிரே மண் மூட்டை அடுக்கிய பதுங்குகுழி. வெர்ன் தம் குழாயை இழுத்து நீட்டி, தோளில் வைத்து அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த லெஸ்டர் ப்ரைஸ், டென்னசிக்காரன், பத்தொன்பது வயது, "தள்ளு" என்று சொல்லித் தன்னுடையதை எடுத்தான். ஒரே அடி. பதுங்குகுழி அமைதியானது. எதிரி எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்று, சுட்ட குழாயை அங்கேயே மிதித்து நசுக்க வேண்டும். லெஸ்டர் மிதித்தான். சேறு; குழாய் நசுங்காமல் உள்ளே உள்ளே போனது. அவன் மிதிக்க மிதிக்கச் சிரித்தான். வெர்னும் சிரித்தார். பதினோரு நாள் கழித்து ஒரு லாரி கவிழ்ந்ததில் லெஸ்டர் போய்விட்டான்.

"கடைல இதப் பார்த்ததும் அந்தச் சிரிப்புதான் கேட்டுச்சு. வாங்கிட்டேன். இங்க கொண்டு வந்து 'நாங்க அடிச்சோம்'னுதான் சொன்னேன். யாரு, நீயான்னு யாரோ கேட்டாங்க. தலைய ஆட்டிட்டேன். அவ்வளவுதான் செஞ்சேன். ஒரு தலையாட்டல்." வெர்ன் வில்லிஸைப் பார்த்தார். "ஆறு வருஷம் கழிச்சு உன் நூல அறுத்தேன். விதி எழுதினது நான். இனிமே இந்த மேசைல உட்கார எனக்கு முகம் இல்லை."

காற்றில் குவாரியின் மேல் நின்ற மரங்களிலிருந்து காய்ந்த இலைகள் சரசரவென்று இறங்கின. வில்லிஸ் கையை நீட்டினார். "கத்தி."

வெர்ன் பேனாக்கத்தியைக் கொடுத்தார். வில்லிஸுக்கு அதைத் திறக்கச் சற்று நேரம் பிடித்தது. நூலை அறுத்தார். சீட்டைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மேசைய விட்டு இறக்கு," என்றார். "உன்ன இல்லடா. குழாய."

வெர்ன் குழாயை எடுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தார். பின்பலகையில் போர்வையை விரித்து வைத்தார். திரும்பினால், வில்லிஸ் கைத்தடியோடு பின்னாலேயே வந்துகொண்டிருந்தார், மறுகையில் வால்தர்.

"உன்னுது மேசைல இருக்கலாமே. சீட்டு சரியாத்தானே இருக்கு?"

"இருக்கலாம். ஆனா இதுவும் கடைச் சரக்குதானே. ரெண்டும் பேசிக்கிட்டிருக்கட்டும்." வில்லிஸ் துப்பாக்கியைக் குழாயின் பக்கத்தில் வைத்து, பின்பலகையில் ஏறி உட்கார முயன்றார். வெர்ன் தோள் கொடுத்து ஏற்றிவிட்டார்.

"என்ன விளையாடுறீங்களா?" டட்ச் மேசையிலிருந்து குரல் கொடுத்தார். "அவன் குழாய் அங்க, என் குழாய் இங்க. இவ்வளவு தூரத்துல வச்சுக்கிட்டு எத எதோட ஒப்பிடுறது?" பாஸூக்காவின் ஒரு துண்டை ஒரு கக்கத்திலும் மறு துண்டை மறு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வந்தார். ரோண்டா பின்னால் ஆப்பிள் பையையும் காப்பிக் குடுவையையும் கொண்டுவந்தாள். கம்பளி விரித்த மேசை ஆளில்லாமல் நின்றது.

இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆப்பிள் பை இன்னும் சூடாக இருந்தது. ரோண்டா மடியில் ஒரு வெற்று அட்டையை வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

"அடுத்த வருஷத்துக்கு. எம்72. கடைல வாங்கினது, எண்பத்துமூணு. சரியா வெர்ன்? மூணாவது வரி?"

"இதுமாதிரி ஒண்ணச் சுமந்தவன் லெஸ்டர் ப்ரைஸ்," என்றார் வெர்ன். அந்தப் பெயரை இந்தக் குவாரியில் அவர் சொல்வது இதுதான் முதல் தடவை.

அவள் எழுதினாள். டட்ச் வாய் நிறைய ஆப்பிள் பையோடு, சேற்றில் மிதித்தால் பாஸூக்கா நசுங்குமா என்று ஆரம்பித்தார். நசுங்காது, கால்தான் நசுங்கும் என்றாள் ரோண்டா. வில்லிஸ் குழாயின் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவன் எந்தக் காலால மிதிச்சான்?" என்று கேட்டார்.

"என்ன?"

"லெஸ்டர். வலதா, இடதா?"

வெர்ன் கண்ணை மூடினார். வாய்க்கால் கரை வந்தது, சேறு வந்தது, சிரிப்பு வந்தது. "இடது," என்றார். "வலது பூட்ஸ்ல கயிறு அறுந்துபோச்சு. ஒயர் போட்டுக் கட்டியிருந்தான். அது அவிழ்ந்துரும்னு இடது காலாலயே மிதிச்சான்."

ரோண்டா அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் அதையும் எழுதினாள்.